வாங்க மறுத்தார்

வீட்டில் ஆண்பிள்ளை இல்லையென்றால் குடும்பத்துப் பெண்களிடமே சம்மனைக் கொடுக்கலாம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். கோர்ட் ஊழியர்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னார். இப்போது கோர்ட்டில் நாஜராக இருப்பவர் அவர். நாஜர் என்றால் சம்மன் சேவகர்களுக்கெல்லாம் தலைவர். எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அவர் வயதுதான் இருக்கும். "உங்க காலத்து அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் குடுங்கய்யா, சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லாருக்கும்" என்றார். சிரிக்கிற மாதிரியும் சிலது உண்டு. அதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு வருவது மலருக்கு ஆகாது என்று பட்டால் அவர் வெட்டிக்கொள்ளட்டும்.

முப்பதுகளின் நடுவில், புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில், அங்கே ஒரு முனிசீப் கோர்ட்டில் சம்மன் சேவகனாகச் சேர்ந்தேன். காக்கிக் கோட்டு, தோளில் சிவப்பு டவாலிப் பட்டை, அதில் சமஸ்தானத்துப் பித்தளை வில்லை. ஆறு மாதம் மூத்த சேவகர் ஒருவர் பின்னால் நடந்து பழகினேன். பழகியது பெரும்பாலும் நடைதான். அதன் பிறகு இலுப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களை எனக்கென்று ஒதுக்கினார்கள். ஊர்க்காரர்கள் என்னை 'அமீனா' என்பார்கள். வீட்டை ஜப்தி செய்கிறவர்தான் அமீனா. நான் காகிதம் கொண்டுபோகிறவன். இதை எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒருவர்கூட மாற்றிக் கூப்பிட்டதில்லை.

கண்மாய்க் கரையில் என் டவாலி தெரிந்தால் போதும், தெரு காலியாகிவிடும். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், சொம்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கல்யாணப் பத்திரிகை எனக்கு வந்ததே இல்லை. சொந்தக்காரர் ஒருவர் மட்டும், உடுப்போடு வந்துவிடாதே என்று நேரில் சொல்லிவிட்டுப் போனார். நான் உடுப்பில்லாமலும் போகவில்லை. என் மனைவி கல்யாணமான மூன்றாம் வருஷம் பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. மறுபடி பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். சொன்னேன். காபி கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். அதோடு அந்த எண்ணத்தை விட்டேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, காலையில் எழுந்தால் நடை. செம்மண் பாதையில் பேச ஆளில்லாமல் நடக்கும்போது, பையிலிருக்கும் சம்மனையே வாய்விட்டுப் படித்துக்கொண்டு போவேன். என் குரலையாவது கேட்கலாமே என்றுதான்.

அப்போதைய நாஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். மெலிந்த மனிதர். வெள்ளைத் தலைப்பாகை, மேஜை மேல் ஒரு மர ரூல்தடி. சம்மன் கொண்டுபோன சேவகன் திரும்பி வந்ததும், நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். எத்தனை மணிக்குப் போனான், வீட்டைக் காட்டியது யார், பிரதிவாதி இருந்தாரா, வாங்கினாரா, வாங்காவிட்டால் என்ன செய்தான், சாட்சி யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாஜர் முதல் வரிக்குக் கீழே ரூல்தடியை வைப்பார். படித்ததும் ஒரு வரி இறக்குவார். அப்படியே கடைசி வரி வரை இறங்கும். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்போம். தடி எங்காவது நின்றுவிட்டால் தொலைந்தோம்.

சத்தம் போட மாட்டார். "ஆள் ஊரில் இல்லைன்னு எழுதியிருக்கே. எந்த ஊருக்குப் போயிருக்கார்னு கேட்டியா?" என்பார். கேட்கவில்லை என்றால், மறுபடி பத்து மைல். ஒருமுறை நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டார். "ஜட்ஜ் அந்த ஊரைப் பார்க்கப் போறதில்லே, சின்னையா. நீ என்ன எழுதுறியோ அதுதான் அவருக்கு அந்த ஊர்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் சொன்னவற்றில் அதைப் போல மனதில் நின்றது வேறில்லை.

கடன் வழக்குச் சம்மனில் என்ன இருக்கும் என்று வாங்குகிற பலருக்குத் தெரியாது. இன்னார் உங்கள் மேல் இவ்வளவு ரூபாய்க்குப் பிராது கொடுத்திருக்கிறார். இன்ன தேதியில் நேரிலோ வக்கீல் மூலமாகவோ ஆஜராகி உங்கள் பதிலைச் சொல்லுங்கள். ரசீது, துண்டுச் சீட்டு எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். வராவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகும். இவ்வளவுதான். ஆனால் காகிதத்தைக் கையால் தொட்டாலே கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. அதனால் ஓடுவார்கள், ஒளிவார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். அப்படி மறுத்தால் நாங்கள் கதவு முன்னால் நின்று உள்ளே கேட்கும்படி முழுதும் வாசிக்க வேண்டும், பிறகு கதவில் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கும் நாஜரிடம் முறை உண்டு. மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலக்கச் சொல்வார். இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும், ஆடு தின்னும்.

சிரிக்கிற கதை இதுதான். ஒரு சம்சாரி, கடன்பட்ட விவசாயி, என்னைத் தூரத்தில் பார்த்ததும் கண்மாயில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டார். நான் கரையில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே வாங்க என்றால், குளிச்சு முடியலீங்க என்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், காகிதம் நனைஞ்சு போகுமேங்க என்கிறார். கடைசியில் நான் கரையில் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதைப் போல முழுச் சம்மனையும் உரக்க வாசித்தேன். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த இருவர் சாட்சிக் கைநாட்டு வைத்தார்கள். 'கழுத்தளவு நீரில் நின்றபடி கேட்டுக்கொண்டார்' என்று ரிட்டர்னில் எழுதினேன். நாஜரின் ரூல்தடி அந்த வரியில் நின்றது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அந்தச் சம்சாரி சம்மனில் சொன்ன வாய்தா அன்று டாண் என்று வந்து நின்று, தவணை வாங்கிக்கொண்டு போனார். தண்ணீருக்குள் இருந்தாலும் காதில் விழுந்துவிட்டதே!

சிரிக்கிறது இத்துடன் முடிந்தது.

யுத்த காலம். பினாங்கும் சிங்கப்பூரும் ஜப்பான்காரன் கையில் போய், அங்கே பிழைக்கப் போனவர்களிடமிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை என்று எங்கள் பக்கத்து வீடுகள் திகைத்துக் கிடந்தன. அரிசி ரேஷன். மைதா கண்ணில் படவில்லை. இலுப்பூருக்கும் புதுக்கோட்டைக்கும் கரி எரித்து ஓடும் பஸ் ஒன்று இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு அதை விட்டால் மறுநாள்தான்.

அப்போது எனக்கு வந்த ஒரு சம்மன், இலுப்பூருக்கு மேற்கே ஓர் ஊரில் இருந்த மரியம் பீவி என்பவருக்கு. ஊர்ப் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவர் புருஷன் நிலக்கடலை வியாபாரி. கிராமங்களில் கடலை வாங்கி இலுப்பூரில் ஒரு மண்டிக்குப் போடுவார். மண்டிக்காரரிடம் நானூறு ரூபாய் வாங்கிப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தபோது, மனைவியையும் சேர்த்துப் பெருவிரல் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏனென்றால் குடியிருந்த வீடு மனைவியின் அத்தா, அதாவது தகப்பனார், கொடுத்தது, அவர் பெயரில் இருந்தது. அறுவடைக்கு அறுவடை கடலை மூட்டையாகவே கடனில் பெரும்பகுதி அடைந்துவிட்டது. மண்டியில் அதற்குத் துண்டுச் சீட்டு கொடுத்தார்களே தவிர, நோட்டில் வரவு எழுதவில்லை. இந்த நிலையில் அந்த வியாபாரி காய்ச்சலில் இறந்துபோனார். மண்டிக்காரர் முழுத் தொகைக்கும் மனைவி மேல் பிராது போட்டார். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒரு பெயரும் ஓர் ஊரும்தான்.

வீட்டை அடையாளம் காட்ட மண்டியின் கணக்குப்பிள்ளை கூட வந்தார். அதுதான் வழக்கம். காபி கிளப்பில் எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். வாதி தரப்பு ஆள் இட்லி வாங்கித் தருவதும் வழக்கம்தான். எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஒரே மனிதர்கள் அவர்கள் என்பதால் நானும் மறுப்பதில்லை. ஒற்றை மாட்டு வண்டியில் போய் இறங்கினோம். பள்ளிவாசலைத் தாண்டி நாலாவது ஓட்டு வீடு. ஒரு கதவு சாத்தி, ஒன்று ஒருக்களித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அதுவும் சாத்திக்கொண்டது.

அந்த வாரம் மட்டும் ஐந்து கதவுகள் என் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டிருந்தன. இது ஆறாவது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தை இன்றைக்கும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடிகிறது. உலகத்தில் எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு என்னை வெளியே நிறுத்துகிறார்கள் என்பது போன்ற கோபம் அது.

கதவைத் தட்டினேன். மரியம் பீவியின் அக்கா, அவரும் கைம்பெண், கூடத் தங்கியிருந்தவர், பக்கத்துச் சந்து வழியாக வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். என்னிடம் கொடுங்கள் என்று கையை நீட்டினார். பெண்பிள்ளைகள் கையில் கொடுக்கச் சட்டம் இல்லை, ஆண்பிள்ளை யாராவது இருந்தால் கூப்பிடுங்கள் என்றேன். ஒரே தம்பி பினாங்கில், உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை என்றார். அப்படியானால் பிரதிவாதி நேரில் வந்து வாங்கட்டும் என்றேன். முகம் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்பதும் எங்கள் விதி.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, நான் இத்தாவுல இருக்கேங்க. இன்னும் மூணு மாசம் வெளியாளு முன்னால வரக் கூடாது. கோவிச்சுக்காம அதைச் சத்தமாப் படிங்க. இங்கிட்டு நின்னு கேட்டுக்குறேன்."

இத்தா என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது. இந்தப் பகுதியில் நடக்கிற சேவகனுக்கு இது தெரியாமல் இருக்காது. செய்ய வேண்டியதும் தெரியும். காகிதத்தை நிதானமாக வாசித்திருக்க வேண்டும். ரிட்டர்னில், 'பிரதிவாதி இத்தாவில் இருப்பதால் நேரில் வரவில்லை, கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டார்' என்று எழுதியிருக்க வேண்டும். அதைப் படிக்கிற எந்த ஜட்ஜும் வாய்தாவைத் தள்ளிப் போட்டிருப்பார்.

நான் வாசிக்கவில்லை. அடுத்த ஊருக்கு இன்னொரு சம்மன் இருந்தது, நாலு மைல். "பஸ்சு போயிரும்ங்க, இவுக வாங்கவா போறாக? ஒட்டிட்டு வாங்க" என்று கணக்குப்பிள்ளை அவசரப்படுத்தினார். பசை இல்லை. என் தூக்குவாளியைத் திறந்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த சோற்றில் நாலு பருக்கையை நசுக்கிக் கதவில் தேய்த்து, சம்மனை அமுக்கி ஒட்டினேன். மயில்துத்தத்துக்கு எங்கே போவது! கணக்குப்பிள்ளையும் வண்டிக்காரனும் சாட்சி.

"படிக்கலீங்களா?" என்று உள்ளேயிருந்து மறுபடி கேட்டார்.

"ஒட்டியாச்சு. யாரையாச்சும் விட்டுப் படிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.

கரி பஸ்ஸில், முழங்கால் மேல் வைத்து ரிட்டர்ன் எழுதினேன். கை பழக்கத்தில் ஓடியது. 'பத்து மணி முதல் பத்தரை மணி வரை பிரதிவாதியின் வீட்டில் இருந்து, உரக்க வாசித்துக் காட்டியும் பிரதிவாதி வாங்க மறுத்தார். எனவே தெருக் கதவில் ஒட்டினேன்.' இத்தா என்ற சொல்லே அதில் இல்லை. மறுநாள் நாஜர் முன்னால் நின்றேன். ரூல்தடி இறங்கி வந்து பத்தரை மணியில் நின்றது. அவர் அடுத்த ஊரின் ரிட்டர்னை எடுத்தார். அதில் பதினொரு மணி என்று இருந்தது. நாலு மைல், அரை மணி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா நடக்குறே, சின்னையா" என்றார். தடியை இறக்கிக் கையெழுத்துப் போட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

படித்துக் காட்ட ஆள் கிடைக்கும் முன்பே, அன்று சாயங்காலம் அந்தச் சம்மனை ஒரு ஆடு தின்றுவிட்டது. சோற்றுப் பருக்கை வாசனைக்கு வந்து, காகிதத்தையும் சேர்த்துத் தின்றிருக்கிறது. அக்கா ஓடி வந்து பிடுங்கியபோது கையில் ஓரத்துண்டுதான் மிஞ்சியதாம். அவசரமானதாக இருந்தால் சர்க்கார் ஆள் மறுபடி வராமலா போவார் என்று இருவரும் இருந்துவிட்டார்கள். நியாயமான நினைப்புதான்.

வாய்தா அன்று அந்தப் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். யாரும் இல்லை. 'வாங்க மறுத்தார்' என்ற என் ரிட்டர்னைப் பார்த்து, முழுத் தொகைக்கும் ஒருதலைத் தீர்ப்பு. அன்று கோர்ட்டில்தான் இருந்தேன். அந்தப் பெயர் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

இத்தா முடிந்த அடுத்த வாரம், அந்தத் தெருவில் தண்டோரா போட்டு வீடு ஏலம் என்று அறிவித்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் மரியம் பீவிக்கு விஷயமே தெரியும். வளையலை விற்று, புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு வக்கீலை வைத்து, தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டார். ரத்தானால் அவர் பதில் மனு போடலாம், துண்டுச் சீட்டுகளைக் காட்டலாம். மிச்சக் கடன் கட்டக்கூடிய அளவுதான், வீடு தங்கும். ரத்தாகாவிட்டால் வீடு போகும். மனு முழுதும் ஒரே கேள்வியில் நின்றது. சம்மன் முறைப்படி சார்வு ஆயிற்றா, அதாவது சேர வேண்டியவரிடம் சேர்ந்ததா, இல்லையா? அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

நாஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் என் ரிட்டர்ன் இருந்தது. வாசிச்சியா என்று கேட்டார். வாசித்தேன் என்றேன். கொஞ்ச நேரம் ரூல்தடியை உருட்டிக்கொண்டிருந்தார். "இல்லேன்னா இப்பச் சொல்லிடு. வேலை போகும். ஆனா வீடு நிக்கும்" என்றார். நான் மறுபடியும் வாசித்தேன் என்றேன். போ என்று கையைக் காட்டினார்.

அன்றிரவு யோசிக்காமல் இல்லை. வேலை போனால் சோறு போகும் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பாதிதான் உண்மை. ஒற்றை ஆளுக்கு எங்கேயாவது கஞ்சி கிடைக்கும். அந்த டவாலியைக் கழற்றிவிட்டால் நான் யார் என்பதற்குப் பதிலே இல்லை என்பதுதான் பயம். என்னைப் பார்த்து ஓடவாவது ஆட்கள் இருந்தார்கள். அதுவும் இல்லாமல் போய்விடும்.

விசாரணை அன்று மரியம் பீவி வெள்ளைத் துப்பட்டி போர்த்திக் கூண்டில் நின்றார். நான் அவரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. முகம் தெரியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னார். சேவகர் முகத்தை நீங்கள் பார்க்கவே இல்லையே, இவர்தான் என்று எப்படித் தெரியும் என்று மண்டிக்காரரின் வக்கீல் கேட்டார். "அவரப் பேசச் சொல்லுங்க, சொல்றேன்" என்றார்.

அடுத்து நான் ஏறினேன். சத்தியம் செய்து முடித்ததும், அந்தத் துப்பட்டி என் பக்கம் திரும்பியது.

"சம்மனை வாசித்துக் காட்டினீரா?"

"வாசித்துக் காட்டினேன்."

"எவ்வளவு நேரம் இருந்தீர்?"

"அரை மணி நேரம்."

இத்தாவைப் பற்றி அவர் சொன்னாரா என்று கேட்டார்கள். என் காதில் விழவில்லை என்றேன். மரியம் பீவியின் வக்கீல் சிறுவயதுக்காரர், அடுத்த ஊர் ரிட்டர்னைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அது நாஜரின் மடியில் இருந்தது. பதிவேடுகளோடு அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உத்தரவு சிறியது. மனுதாரர் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார், கோர்ட்டுச் சேவகர் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை, மனு தள்ளுபடி.

மறுநாள் காலை அன்றைய ரிட்டர்ன்களை நாஜரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ரூல்தடியை எடுக்கவில்லை. என் காகிதங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு ஓரமாகத் தள்ளினார். அடுத்து நின்றவனின் ரிட்டர்னுக்கு ரூல்தடியை எடுத்தார். அவர் ஓய்வு பெறுகிற வரை அப்படித்தான் நடந்தது. நாலு வருஷம் என் எழுத்தில் ஒரு வரியை அவர் படிக்கவில்லை. மற்றவர்களைத் திருப்பி அனுப்புவார், பத்து மைல் நடக்க வைப்பார். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருக்கும். ஒருநாள் வேண்டுமென்றே தேதியைத் தப்பாக எழுதிப் பார்த்தேன். அதற்கும் கையெழுத்து விழுந்தது.

ஏலத்தில் வீட்டை மண்டிக்காரரே எடுத்தார். வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கிற நாளில் அமீனாவோடு நான் போக வேண்டியதாயிற்று. என் பகுதி, வேறு ஆள் இல்லை. பாத்திரம் பண்டம் முன்பே தெருவுக்கு வந்திருந்தது. ஒரு தகரப் பெட்டி மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். மரியம் பீவி கதவுக்கு வெளியே, துப்பட்டியோடு நின்றார்.

வாரண்டைக் காட்டினால் போதும், நேரமாகிறது என்று அமீனா சொன்னார். நான் கேட்கவில்லை. காகிதத்தை விரித்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். கோர்ட்டின் பெயர், வழக்கு எண், வாதி பெயர், பிரதிவாதி பெயர், வீட்டின் நாலு எல்லை, ஒரு எழுத்து விடவில்லை. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் சரியாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

முடிக்கிற வரை அவர் அசையாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"இம்புட்டு நல்லாப் படிக்கிறீங்க. அன்னைக்கு ஒரு தடவ படிச்சிருந்தீங்கன்னா, அந்த வளையல அப்பவே வித்து வக்கீல் வச்சிருப்பேனேங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பழக்கம் உண்டு. அக்காவை எழுப்பி, தகரப் பெட்டியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தார்கள். அமீனா மண்டிக்காரர் வண்டியில் ஏறிக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். நான் நடந்தே வருகிறேன் என்றேன்.

சமஸ்தானம் போய், டவாலியில் வில்லை மாறி, இன்னும் பதினேழு வருஷம் அதே வேலை பார்த்து, பென்ஷனும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் எந்தக் கதவு முன்னாலும் வாசிக்காமல் வந்ததில்லை. அதனால் அந்த வீடு திரும்பி வந்துவிடவில்லை. வாங்க மறுத்தார் என்று நான் எழுதிய அந்த அம்மா எதையும் மறுக்கவில்லை. இரண்டு முறை கேட்டார், படிக்க மறுத்தவன் நான். கூண்டில் நின்று சொல்லியிருக்க வேண்டிய இதை, மலரில் இடமிருந்தால் போடுங்கள்.